சாமிக்குப் பென்ஷன் கிடையாது

அத்தியாயம் பதினான்கு

கரி பஸ்ஸில் ஒரு தடவை போனவருக்கு நரகத்தைப் பற்றித் தனியாக யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய சேலம் வண்டி ஏழரைக்குத்தான் கிளம்பியது. பின்னால் தொங்கிய அடுப்பில் கிளீனர் கரியைக் கொட்டி ஊதியதில், பாதிப் புகை இன்ஜினுக்கும் பாதிப் புகை பிரயாணிகளுக்குமாகப் பங்கு பிரிந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெட்ரோல்தான் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

நாச்சிமுத்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது. இடது காதுக்கு மேலே மயிர் முளைக்காத ஒரு தழும்பு. பர்மா எல்லையில் வெடித்த குண்டின் துணுக்கு இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது. எடுத்தால் உயிர் போனாலும் போகும் என்று பட்டாளத்து டாக்டர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வெளியே தெரிந்த தழும்புக்கு மட்டும் இருபது சதவிகித ஊனம் என்று எழுதி, அந்த அளவுக்கு ஒரு பென்ஷனைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்த எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருக்கிறது. ஏர் பிடிக்க முடியாது, கிணற்று மேட்டில் நிற்க முடியாது. அண்ணன் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு அண்ணன் வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

இது காயத்தால் வந்த வலிப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பென்ஷனை உயர்த்த வேண்டும், மதராஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியமும் பார்க்க வேண்டும் என்று அவன் போட்ட ஏழாவது மனுவுக்குத்தான் இன்றைக்குச் சேலத்தில் விசாரணை. வலிப்பை நேரில் பார்த்த ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பெண்டாட்டியின் சாட்சி செல்லாது என்று கடுதாசியிலேயே கண்டிருந்தது.

அதனால்தான் அண்ணன் மயில்சாமி கூட வருகிறார். அவர் பக்கம் திரும்பாமல் இருக்கத்தான் நாச்சிமுத்து முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். கரிப்புகை அதற்கு அப்புறம்தான்.

காரணம், முதல் அத்தியாயத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வண்டி ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் வலிப்பு வந்தது கருப்பணார் கோயில் பொங்கல் அன்று, ஊர்ச்சனம் அத்தனையும் கூடியிருந்த இடத்தில். காக்கா வலிப்பு என்று கூட்டத்தில் ஒரு வாய் ஆரம்பித்தது. மயில்சாமிக்குக் கல்யாண வயதில் சாரதாமணி என்று ஒரு பெண் இருக்கிறாள். வலிப்புக்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அந்த வாயை அடைக்க மயில்சாமி, "கருப்பணார் எறங்கிட்டாரு, சூடம் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு அது அவசரத்தில் சொன்ன பொய். அதை நான் கூட மன்னித்துவிடுவேன்.

அடுத்த வலிப்புக்கு உடுக்கை வந்தது. அதற்கும் அடுத்ததற்கு வெளியூர்ச் சனம் வந்து நாள்கணக்கில் காத்துக்கிடந்தது. நாக்கைக் கடித்து, ரத்தமும் நுரையுமாக அவன் கிடக்கும்போது அந்த வாயில் விபூதியைத் திணித்தார்கள். நனைந்த வேட்டியோடு அவன் கண் விழித்தால் அவன் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார்கள். அவன் போட்ட உறுமலுக்கெல்லாம் மயில்சாமி அர்த்தம் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு அவனைக் கழுவித் துடைத்துப் படுக்க வைக்கிறவள் அவன் மனைவி செல்லாயி ஒருத்திதான்.

"அண்ணா, அங்க வந்து நெசத்தச் சொல்லிருவீங்கல்ல?" என்று நாச்சிமுத்து மறுபடியும் கேட்டான்.

"அதான் கையடிச்சுக் குடுத்தனேடா. சேலத்துல நம்மள ஆருக்குத் தெரியும்? அங்க வலிப்புன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன். ஊருல சாமி சாமியாவே இருந்துட்டுப் போவுது. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

இரண்டு பக்கமும் கெடாமல் பார்த்துக்கொள்கிற மனிதருக்குப் பேச்சு எப்போதும் வழவழவென்றுதான் வரும். முன்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த செல்லாயி திரும்பி மயில்சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சங்ககிரியில் வண்டி நின்றது. கக்கத்தில் குடையோடு ஏறிய பெரியவரைப் பார்த்ததும் மயில்சாமியின் முகம் வெளிறிவிட்டது.

வந்தவர் அங்கமுத்து. தன் மகன் கண்ணுசாமிக்குச் சாரதாமணியைக் கட்டச் சம்மதித்திருப்பவர். அந்தச் சம்மதமும் லேசில் வந்ததல்ல. பெண் பார்க்க வந்த அன்று மனசு ஒப்பாமல் எழுந்து போகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து முற்றத்தில் விழுந்தான். "கட்டு, கட்டுன்னு கருப்பணார் சொல்றாருங்க மாமா" என்று மயில்சாமி சூடத்தை ஏற்றினார். அங்கமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே சரி என்றார். வருகிற வளர்பிறையில் வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் பார்த்தாகிவிட்டது.

"சாமி உக்கோந்திருக்கறது தெரியாமப் போச்சுங்களே" என்று அங்கமுத்து அந்த நெரிசலில் குனிந்து நாச்சிமுத்துவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறுபது வயது மனிதர். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வேண்டாமுங்க மாமா, எந்திரிங்க" என்றான் நாச்சிமுத்து. கூச்சம் இல்லை, சுத்தமான அருவருப்பு. கால் தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டது.

"எங்கீங்க மாமா, காலங்காத்தால?" என்றார் மயில்சாமி.

"கண்ணாலத் துணிக்குப் பர்மிட்டு வாங்கோணுமுல்ல மாப்ள, துணிக்குந்தான் ரேசனாச்சே. நீங்கெல்லாம் ஒட்டுக்கா எங்க கெளம்பீட்டீங்க?"

"இவனுக்குப் பட்டாளத்துப் பென்சன் சோலி. ஒரு கையெழுத்துத்தானுங்க."

"அப்ப நானும் வாரேன். பர்மிட்டு ஆப்பீசு மத்தியானத்துக்கு மேலதான். சாமிய உட்டுப்போட்டு நான் மட்டும் சும்மா சுத்தறதுங்களா?"

"நெம்ப நேரமாகுமுங்க மாமா."

"ஆகட்டும் மாப்ள. சம்மந்தி ஊட்டுக் காரியம் நம்ம காரியந்தான்."

சேலம் போய்ச் சேருவதற்குள் மயில்சாமி மூன்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். மூன்றையும் அங்கமுத்து சிரித்தே தள்ளிவிட்டார். வண்டியை விட்டு இறங்கியதும் நாச்சிமுத்துவுக்கு அவரே இளநீர் வாங்கிக் கொடுத்தார். வெயில் படாமல் குடையும் பிடித்துக்கொண்டு நடந்தார். நல்ல மனிதர்கள் இப்படித்தான், வேண்டாத நேரத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வார்கள்.

விசாரணை ஒரு பழைய ஓட்டுப் பங்களாவில் நடந்தது. வராந்தா நிறைய மாஜி சிப்பாய்கள். காலில்லாதவன், கண்ணில்லாதவன், பார்க்க முழுசாக இருந்துகொண்டு ஓயாமல் கை நடுங்குகிறவன் என்று பல ரகம். ஒரு பானைத் தண்ணீர், ஒரே ஒரு குவளை. மூத்திர நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. அங்கமுத்து குடையோடு அந்தப் பக்கம் காற்றுக்கு ஒதுங்கிய நேரத்தில் செல்லாயி கணவன் பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, உங்கண்ணன் இங்கயும் சாமின்னுதான் சொல்லப் போறாரு. பாத்துக்கிட்டே இருங்க."

"கையடிச்சுக் குடுத்திருக்காரு."

"சம்மந்தி ஏறினப்பவே அந்தக் கை எறங்கிப் போச்சுங்க" என்றாள் செல்லாயி.

உள்ளே மேஜைக்குப் பின்னால் போர்டு என்று மூன்று டாக்டர்கள். சட்டையைக் கழற்றி நிற்க வைத்து, ஒரு சிப்பந்தி டேப்பைப் பிடித்துத் தழும்பை அளந்தான். "நாலே கால்" என்று கத்தினான். குமாஸ்தா எழுதிக்கொண்டார். வாரச் சந்தையில் எருமை வாங்குகிறவன் கூட எருமையின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். இங்கே அந்த மரியாதையும் இல்லை.

நாச்சிமுத்துவுக்கு முன்னால் நின்றவன் ஆண்டி என்று ஒரு ராசிபுரத்துக்காரன். கட்டைவிரல் போனவன்.

"எந்தக் கை?" என்று கேட்டார் குமாஸ்தா.

"பீச்சாங்கைங்க."

"அப்போ பாதிதான். நகரு."

ஆண்டி சட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

நாச்சிமுத்துவின் முறை வந்தது. நடுவில் இருந்த கேப்டன் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்பார், குமாஸ்தா தமிழில் சொல்வார். பைல் கட்டை அவிழ்த்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கிராமத்தில் விசாரித்து எழுதிய காகிதத்தைக் குமாஸ்தா படித்தார். படிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேற்படியாருக்கு வியாதி எதுவும் இல்லையென்றும், அவ்வப்போது தெய்வ அருள் உண்டென்றும் ஊரார் ஏகமனதாகச் சொல்கிறார்கள்." குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சாமிக்கெல்லாம் சர்க்காரில் பென்ஷன் கிடையாதப்பா."

மற்ற இரண்டு டாக்டர்களும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள்.

"அது சாமியில்லீங்க" என்றான் நாச்சிமுத்து. "வலிப்புங்க. மண்டைக்குள்ள இரும்பு இருக்குதுங்க. அதனால வாரதுங்க."

"சாட்சி யார்?"

மயில்சாமி முன்னால் வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கமுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்சாமி ஒரு தடவை அவரைப் பார்த்தார், ஒரு தடவை தம்பியைப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்க்கவே இல்லை.

"உன் தம்பிக்கு வலிப்பு வருமா?"

"சாமி வருமுங்க."

"வலிப்பா, சாமியா? ஒன்றைச் சொல்லு."

"சாமிதானுங்க. கருப்பணசாமி."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. ஒரே வயிற்றில் பிறந்த மனிதரைப் பார்க்கும்போது, அழுகின பழத்துக்குள் விரல் போனது மாதிரி இருந்தது. துடைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"பொய்யிங்க" என்று வாசலிலிருந்து செல்லாயியின் குரல் வந்தது.

"பெண்டாட்டி பேசப்படாது" என்றார் குமாஸ்தா.

"நாம் பேசறது செல்லாதுன்னா, நாந் தொடைக்கறது மட்டும் செல்லுங்களா? நொரையையும் மூத்திரத்தையும் ரெண்டு வருசமாத் தொடைக்கறது நானுங்க. சாமி வேட்டியோட மூத்திரம் போகுமுங்களா, நீங்களே சொல்லுங்க."

கேப்டன் டாக்டர் தலையை நிமிர்த்தினார். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா தயங்கிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். வேறு யாராவது நேரில் பார்த்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"நாம் பாத்திருக்கறனுங்க."

அங்கமுத்து செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாமியை இத்தனை பேர் நடுவில் இப்படிப் பேசுகிறார்களே என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்று மயில்சாமி அவர் கையைப் பிடித்தார்.

"உடு மாப்ள. சாமியக் கொண்டாந்து சந்தி சிரிக்க வெச்சுக்கிட்டிருக்கறாங்க. நீ பாத்துக்கிட்டு நிக்கற."

பார்த்ததை முதலிலிருந்து சொல்லும்படி டாக்டர் கேட்டார். அங்கமுத்து கைகூப்பிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மொதல்ல வலது கைக் கட்டவெரலு உள்ள மடங்குச்சுங்க. அப்பறம் அந்தக் கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாயி வலப்பக்கமாக் கோணிப்போச்சு. கண்ணு ரெண்டும் வெள்ளையாயிருச்சு. அதுக்கப்பறந்தானுங்க ஒடம்பு மொத்தமும். சாமி ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எனக்குக் கொல நடுங்கிப் போச்சு."

"நாக்கு?"

"நாக்கக் கடிச்சு ரத்தங் குடிச்சாருங்க. கருப்பணாரு ரத்தங் கேக்கற சாமிதானுங்களே."

"அப்புறம்?"

"மல ஏறிட்டாருங்க. அப்பறம் ஒன்றர மணி நேரம் அசையுல. எந்திரிச்சப்ப இவருக்கு என்ற பேரு கூடத் தெரியுல. அம்புட்டு அருளுங்க."

டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. எழுந்து வந்தார். தழும்பைக் கையால் தடவி, அழுத்திப் பார்த்தார். வலது கை விரல்களைப் பிரித்து மடக்கிப் பார்த்தார். டேப் இல்லாமல் ஒரு மனிதக் கை அந்தத் தழும்பின் மேல் பட்டது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. பிறகு மற்ற இருவரிடமும் கொஞ்ச நேரம் பேசினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

குமாஸ்தா சத்தமாகச் சொன்னார்: "இடது பக்க மூளையில் அடி பட்டால் வலது கையில்தான் ஆரம்பிக்குமாம். இதைப் படிக்காத ஒருவர் இவ்வளவு சரியாக இட்டுக்கட்ட முடியாதாம். இது காக்கா வலிப்பு. குண்டுக் காயத்தால் வந்தது. எழுபது சதவிகிதம் என்று எழுதுகிறார். மதராஸ் ஆஸ்பத்திரிக்கும் எழுதுகிறார். பெரியவர் தாம் சொன்னதற்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட வேண்டும்."

பேனாவை அங்கமுத்துவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சொன்னது முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். அது இன்னொரு விஷயமாக மாறிப்போனதை அவர் மெதுவாகத்தான் புரிந்துகொண்டார்.

"அப்ப, கட்டு கட்டுன்னு எங்கிட்டச் சொன்னது ஆரு?"

அவர் மயில்சாமியைக் கேட்கவில்லை. நாச்சிமுத்துவைத்தான் கேட்டார்.

சாமிதான் என்று நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துவிடுவார், சாரதாமணியின் கல்யாணம் நடந்துவிடும். மதராஸும் வைத்தியமும் போய்விடும். அவனுடைய ஏழு மனுக்களையும் எழுதிக் கொடுத்தவள் அந்தச் சாரதாமணிதான். சித்தப்பா சொல்லச் சொல்ல, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவாள்.

மயில்சாமி கண்ணாலேயே கெஞ்சினார். அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் நாச்சிமுத்துவுக்கு வாய் திறந்தது.

"எனக்குத் தெரியாதுங்க மாமா. அந்நேரம் எனக்கு நெனவே இருக்காதுங்க."

அங்கமுத்து காலையில் அவன் காலைத் தொட்ட கையைப் பார்த்தார். அதை வேட்டியில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்தார். நாச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். இத்தனை நாள் எந்தக் கும்பிடு அவனுக்குக் குமட்டியதோ, அது போன பிறகு கிடைத்தது இதுதான்.

"நாம் பாத்தது நெசம். பாத்ததுக்குக் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லி அங்கமுத்து போட்டார்.

வராந்தாவுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மயில்சாமியைக் கூப்பிட்டார்.

"மாப்ள, வெள்ளிக்கெழம உங்கூட்டுக்கு வாரேன். டாக்டரு சொல்றது நெசமா, நீ சொன்னது நெசமான்னு எனக்குத் தெரியோணும். சாமி இருந்தா வரட்டும், எம்முன்னால பேசட்டும். நீ குறுக்க அர்த்தம் சொல்லப்படாது. வருலீன்னா, கண்ணாலப் பேச்சு அன்னைக்கே முடிஞ்சுது."

குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். துணிப் பர்மிட் ஆபீஸ் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

நாச்சிமுத்து வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். அண்ணன் இப்போது அழுவார், இல்லாவிட்டால் அடிக்க வருவார் என்று நினைத்தான். இரண்டும் நடக்கவில்லை. மயில்சாமி பக்கத்தில் குந்தி, தம்பியின் தோளில் கை போட்டார்.

"உன்ற காரியம் முடிஞ்சுது சாமி. போர்டுல எழுதியாச்சு, இனி அத ஆரும் அழிக்க முடியாது. இப்ப என்ற காரியத்தப் பாரு. வெள்ளிக்கெழம அந்தாளு முன்னால ஒருக்கா உழு."

"நெனச்சப்ப வருமுங்களாண்ணா அது?"

"வரோணுமின்னு ஆரு சொன்னா? எப்பிடி உழுகோணுமின்னு அந்தாளே ஒண்ணு உடாமச் சொல்லிக் குடுத்துட்டாரே. மொதல்ல கட்டவெரலு, அப்பறங் கையி, அப்பறம் வாயி. அப்பிடியே உழுந்து, கட்டுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. நாக்க லேசாக் கடிச்சுக்க. அந்தப் புள்ள மொகத்துக்காவது இதச் செய்யி."

தோளில் கிடந்த கையை நாச்சிமுத்து எடுத்துப் போட்டான்.

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் எதிரில் நின்ற செல்லாயி.

சொல்லத்தான் வாயைத் திறந்தான். கல்யாணம் முறிந்துபோன வீட்டில் சாரதாமணி முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது. திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மயில்சாமி அதைக் கவனித்துவிட்டார். அவர் முகத்தில் மெதுவாகத் தெம்பு வந்தது.

செல்லாயியும் கவனித்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நெசமா உழுந்தீங்கன்னா ஆயிரந் தடவ தொடைக்கறனுங்க" என்றாள். "வேசத்துக்கு உழுந்தீங்கன்னா, நான் உங்களத் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர்கள் வருகிறார்களா என்று பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.